முதுமைக்கும் வேண்டும் கல்வி

கல்வி என்றவுடன் நம்மவர் மனக்கண் முன் தோன்றுவது பலகையும் பையும் ஏந்திய பாலகன். முதுமை என்றவுடன் தோன்றுவது திண்ணையில் சாய்ந்திருக்கும் கிழவர். இவ்விரண்டுக்கும் ஏதேனும் சம்பந்தமுண்டென்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? இளமையில் படிப்பு, நடுவயதில் உழைப்பு, முடிவில் பிள்ளைகளின் நிழலில் ஓய்வு என்று வாழ்க்கையை மூன்று அறைகளாகத் தடுத்து, ஓர் அறையைத் தாழிட்ட பிறகே அடுத்ததில் நுழைவது முறையென்று தலைமுறை தலைமுறையாக நம்பி வந்திருக்கிறோம். அந்த ஏற்பாடு இன்று இடிந்து விழுந்துகொண்டிருக்கிறது. அதைக் காணாதிருப்பதன் பலனை இன்று அனுபவிப்பவர்கள் நம் தாய்தந்தையர். நாளை அனுபவிக்கப் போகிறவர்கள் நாமே.

தேசம் சுதந்திரமடைந்த காலத்தில் இந்தியக் குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம் என்றே கணக்கிடப்பட்டது. இன்று அக்கணக்கு 70 வருஷத்தை எட்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகம். 2031-ம் வருஷத்திலோ அவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் ஆவர் என்பது மத்திய சர்க்கார் வெளியிட்ட மதிப்பீடு. அம்மை ஒழிந்து, காலரா குறைந்து ஆயுள் நீண்டது பெரும் பாக்கியமே, அதில் சந்தேகமில்லை. ஆனால் 60 வயதில் வேலையினின்று விலகுகிறவர் இன்னும் பதினைந்து இருபது வருஷம் உண்ண வேண்டும், உடுக்க வேண்டும், மருந்து வாங்க வேண்டும். அதே காலத்தில் குடும்பம் சுருங்கிவிட்டது. ஐந்து பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் இன்று ஒன்றோ இரண்டோதான். அவர்களும் பிழைப்பை நாடிச் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய்விடுகின்றனர். பிள்ளைகளைத் தூற்றுவதில் பயனில்லை. நால்வர் சேர்ந்து தாங்கிய பாரத்தை ஒருவன், அதுவும் தொலைதூரத்திலிருந்து, எங்ஙனம் தாங்குவான்?

பென்ஷன் இருக்கிறதே என்பார்கள். யாருக்கு இருக்கிறது? சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு உண்டு. தமிழ்நாட்டில் 2003-ம் வருஷம் ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அதுவும் பங்களிப்புத் திட்டமாக மாற்றப்பட்டு, பெருங் கிளர்ச்சிகளுக்கு இடமாயிற்று. ஆலைகளிலும் கம்பெனிகளிலும் வேலை செய்வோருக்கு 1952-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட சேமநிதியும், 1995-ம் வருஷத்துத் திட்டத்தின்படி ஓய்வூதியமும் உண்டு. ஆனால் நமது தேசத்தில் உழைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இவ்விரண்டு வகுப்பிலும் சேராதவர்கள். நாற்று நடுகிறவள், சித்தாள், தறி நெய்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், தெருவோரத்தில் காய்கறி விற்கிறவள், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள் ஆகிய இவர்களுக்குக் கைகால் ஓயும் நாளே சம்பளம் நிற்கும் நாள். இவர்களுக்காகச் சட்டங்கள் இல்லாமலில்லை. திட்டங்களும் பல உள்ளன. ஆயினும் அவற்றின் வாயிலில் எழுத்து என்னும் பூட்டுத் தொங்குகிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவியை எந்த வயதிலும் பெறலாம், பெற்றே ஆகவேண்டும் என்பதே இன்று நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 2015-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய அடல் பென்ஷன் திட்டத்தில் 18 வயது முதல் 40 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். 60 வயதுக்குப் பிறகு மாதம் 1,000 ரூபாய் பெற வேண்டுமானால், 18 வயதில் சேருகிறவர் மாதம் 42 ரூபாய் கட்டவேண்டும். 40 வயதில் சேருகிறவர் 291 ரூபாய் கட்டவேண்டும். முன்னவர் 42 வருஷத்தில் கட்டும் மொத்தத் தொகை 21,168 ரூபாய். பின்னவர் 20 வருஷத்தில் கட்டுவது 69,840 ரூபாய். இருவரும் பெறும் பென்ஷனோ ஒன்றே. இளையவர் கட்டியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சத்தை அவருக்காகக் காலம் கட்டிவிட்டது. வட்டிக்கு வட்டி ஏறும் இந்த ரகசியத்தைக் கந்துவட்டிக்காரன் நன்கு அறிவான். அவனிடம் கடன் வாங்குகிற ஏழைக்கு மட்டும் அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கணக்கு இத்துடன் முடியவில்லை. விலைவாசி வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் ஏறினால், 42 வருஷத்தில் அது ஏறக்குறைய ஏழே முக்கால் மடங்காகிவிடும். அன்று கைக்கு வரும் ஆயிரம் ரூபாய், இன்றைய 130 ரூபாய்க்குக்கூடச் சமமாகாது. ஆகவே 42 ரூபாய் கட்டிவிட்டு முதுமைக்கு வழிசெய்துவிட்டோமென்று கண்ணயர்ந்திருப்பது பேதைமையாகும். சம்பாத்தியம் ஏற ஏறச் சேமிப்பையும் ஏற்றிக்கொண்டே போகவேண்டும். சேமிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. சேமித்ததைப் பற்றிக் கேள்வி கேட்கவும் தெரியவேண்டும். பாங்கியிலும் தபாலாபீசிலும் போட்ட பணத்துக்கு என்ன வட்டி, யார் பெயர் வாரிசாகப் பதிவாகியிருக்கிறது, அதிக வட்டி தருவதாக ஊரூராய் விளம்பரம் செய்கிறவன் அதை எங்கிருந்து கொண்டுவந்து தருவான் என்பவற்றை ஆராய அறியாமல் ஆயுட்கால உழைப்பை இழந்த குடும்பங்கள் நம் நாட்டில் எத்தனை எத்தனை!

இனி, வக்கீல் தொழிலில் நாம் அடிக்கடி காணும் மற்றொரு விஷயத்தைச் சொல்லுகிறோம். தள்ளாத வயதில் ஒரு தகப்பனார் தமது ஒரே வீட்டையோ இரண்டு ஏக்கர் நஞ்சையையோ மகனுக்குத் தானசெட்டில்மெண்டு எழுதிவைக்கிறார். பத்திர எழுத்தர் வழக்கமான வாசகங்களை எழுதுகிறார்; கிழவர் கைநாட்டு வைக்கிறார். தம்மைச் சாகும்வரை காப்பாற்ற வேண்டுமென்ற எண்ணம் அவர் நெஞ்சில் இருக்கிறது, பத்திரத்தில் இல்லை. 2007-ம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு இத்தகையோரைக் காக்கவே வந்தது. தம்மைப் பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையுடன் சொத்தை மாற்றிக்கொடுத்து, பெற்றவர் அந்த நிபந்தனையை நிறைவேற்ற மறுத்தால், அந்த மாற்றம் மோசடியாலோ நிர்ப்பந்தத்தாலோ நடந்ததாகவே கருதப்படும். முதியவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாதென்று அறிவிக்கலாம். ஆனால் நிபந்தனை இருக்கவேண்டும்! 2022-ம் வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, நிபந்தனை இருந்ததாக நிரூபிக்கப்படாவிடில் இந்தப் பிரிவு உதவாதென்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் அதே கோர்ட்டு, இச்சட்டம் முதியோரின் நன்மைக்காக ஏற்பட்டதாகையால் தாராளமாகப் பொருள் கொள்ளவேண்டுமென்று கூறி, ஒரு தாய்க்கு அவளது சொத்தை மீட்டுக் கொடுத்தது. கோர்ட்டின் கருணையை நம்பி ஏன் இருக்கவேண்டும்? "என் ஆயுட்காலம் முழுவதும் எனக்கு உணவு, உடை, உறையுள், வைத்தியம் முதலியவற்றை அளித்துப் பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையின் பேரில் இதை எழுதிக் கொடுக்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் பத்திரத்தில் இருந்தால் போதுமே! அந்த ஒரு வாக்கியத்தின் விலை ஒரு வீடு. சில சமயங்களில் ஓர் உயிர்.

பெண்களின் நிலை இதனினும் பரிதாபமானது. இறந்த ஹிந்துக் கணவர் உயில் எழுதாமற் போனால், 1956-ம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி அவரது சொந்தச் சொத்தில் மனைவிக்கும் மக்களுக்குச் சமமான பங்கு உண்டு. இதை அறியாத விதவைத் தாயார், கருமாதி முடிந்த சில நாட்களிலேயே விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டுத் தம் வீட்டிலேயே விருந்தாளியாகிவிடுகிறார். கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்துவிட்டால் எழுத்தறிவு வந்துவிட்டதென்று கணக்கெழுதுவோரைக் கேட்கிறோம்: எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அறியாத கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் என்ன பேதம்?

இந்த வயதில் இவர்கள் எங்கே படிக்கப் போகிறார்கள் என்று ஏளனம் செய்வோர் உண்டு. அவர்களுக்கு நமது மறுமொழி புதுக்கோட்டையிலிருக்கிறது. 1991-ம் வருஷத்தில் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கல்லுடைக்கும் பெண்களும் வயலில் கூலி செய்யும் பெண்களும் அந்தி விளக்கில் அமர்ந்து அகர முதல எழுத்துக்களைக் கற்றார்கள். கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், அவர்கள் சைக்கிள் விடவும் பழகவேண்டுமென்று ஊக்கினார். பல்லாயிரம் பெண்கள் பழகினார்கள். ஊர் சிரித்ததை அவர்கள் பொருட்படுத்தவில்லை. கல்குவாரியில் கூலியாயிருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிக் குத்தகையையே எடுத்து நடத்தினார்கள். எழுத்து வந்தது, கணக்கு வந்தது, அதன் பின்னால் உரிமையும் வந்தது. அண்டையிலுள்ள கேரளத்தில், பள்ளிக்கூட வாசலையே மிதித்திராத கார்த்தியாயினி அம்மாள் 2018-ம் வருஷத்தில் தமது 96-வது வயதில் எழுத்தறிவுப் பரீட்சை எழுதி நூற்றுக்கு 98 மார்க்கு வாங்கினார். தொண்ணூற்றாறில் முடிந்தது நாற்பதிலும் ஐம்பதிலும் முடியாதா?

நமது முன்னோர்களுக்கும் இது புதிய சித்தாந்தமன்று. வள்ளுவர் பொருட்பாலில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்ற அதிகாரத்தையும் வைத்திருக்கிறார். ஏட்டைத் தொடாதவனும் கேட்டறியலாம் என்பது அவர் கருத்து. 1937-ம் வருஷத்தில் வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தபோது காந்தியடிகள் அதைச் சிறுவர்களுக்கென்றே எண்ணியிருந்தார். சிறையினின்று மீண்ட பிறகு, 1945 ஜனவரியில் சேவாகிராமத்தில் கூடிய மகாநாட்டில், அதன் எல்லை பிறப்பு முதல் இறப்பு வரை விரிந்ததென்றும், முதியோர் கல்வியும் அதன் அங்கமென்றும் தெளிவுபடுத்தினார். வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் நடுவயதில், கண்ணூர்ச் சிறையில் இருந்துகொண்டே தமிழ் இலக்கணங்களைக் கற்றார்; ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார். கல்விக்குச் சிறைக்கதவே தடையாகாதபோது வயதா தடை? அதே பெரியார் கப்பல் கம்பெனியையும் வக்கீல் தொழிலையும் இழந்து விடுதலையாகி வந்த பிறகு, சென்னையில் சிறு வியாபாரம் செய்து காலந்தள்ள நேர்ந்தது. 1936-ம் வருஷத்தில் அவர் மறைந்தபோது கடனும் வறுமையுமே சூழ்ந்திருந்தன. தேசத்துக்கு உழைத்தவரின் முதுமைக்கு வழிசெய்ய அந்தத் தேசம் மறந்த கதை அது. தனிமனிதன் எவ்வளவு கற்றாலும், சமுதாயமும் தன் கடமையைச் செய்தாலன்றி முதுமை நிம்மதியாகாதென்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

இதை வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. 'அன்றாடங் காய்ச்சிக்குச் சேமிப்பு ஏது?' என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. மிச்சம் பிடிக்க முடியாத கூலியை வாங்குகிறவனுக்குச் சிக்கனத்தை உபதேசிப்பது அவனைப் பரிகசிப்பதாகும். தமிழ்நாட்டில் 1962-ம் வருஷத்திலேயே மாதம் 20 ரூபாயாக முதியோர் பென்ஷன் தொடங்கியது பாராட்டத்தக்கது. ஆனால் 80 வயதுக்குக் குறைந்த ஏழை முதியோருக்கு மத்திய சர்க்கார் கொடுக்கும் பங்கு என்ன? 2007-ம் வருஷத்தில் மாதம் 200 ரூபாய். 2024-ம் வருஷத்திலும் அதே 200 ரூபாய்! தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 2014-ம் வருஷத்தில் வகுத்த குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாய், பத்து வருஷம் கடந்த பின்னும் அசையாமல் நின்றது. அரிசியும் மருந்தும் இவர்களுக்காக அதே இடத்தில் நின்றனவா? உத்தியோகஸ்தர்களின் சம்பளத்தை விலைவாசியோடு பிணைத்து அகவிலைப்படி கொடுக்கத் தெரிந்த சர்க்காருக்கு, ஏழைக் கிழவியின் பென்ஷனை மட்டும் அவ்வாறு பிணைக்கத் தெரியாமற் போவானேன்? கற்றுக்கொள்ளுங்கள் என்று ஜனங்களுக்குச் சொல்லும் நாம், அதைச் சாக்காக்கிச் சர்க்கார் தன் பொறுப்பைக் கழித்துக்கொள்ள ஒருநாளும் சம்மதியோம். கற்ற ஜனங்களே சர்க்காரைக் கணக்குக் கேட்பார்கள் என்பதுதான் நமது நம்பிக்கை.

ஆகவே செய்யவேண்டியவை சில உள. இந்தியாவிலேயே முந்தி 1948-ம் வருஷத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது. சொத்து வரியோடு நூலக வரியும் நாம் செலுத்தி வருகிறோம். அந்த நூலகங்களில் வாரத்துக்கு ஒரு மாலையேனும் விளக்கேற்றி, பெரியவர்களுக்குப் பாஸ்புத்தகம், பத்திரம், பென்ஷன் மனு ஆகியவற்றைப் படிக்கவும் எழுதவும் கற்பிக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பாங்கி உத்தியோகஸ்தர்களும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். கற்பிப்பதே அவர்களுக்கும் முதுமையில் நல்ல மருந்தாகும். ஒவ்வொரு சார்பதிவாளர் கச்சேரியிலும் 23-வது பிரிவின் சாரத்தைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி மாட்டவேண்டும். முதியவர் எவரேனும் சொத்தை எழுதிக்கொடுக்க வந்தால், பராமரிப்பு நிபந்தனை வேண்டுமா என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலைக் குறித்துக்கொள்ளுமாறு பதிவாளருக்கு உத்தரவிட வேண்டும். இதனால் சர்க்காருக்கு ஆகும் செலவு ஒரு பலகையும் சில நிமிஷமுமே. நம் தொழிலைச் சேர்ந்த வக்கீல்களுக்கும் ஒரு வார்த்தை. பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் வக்கீல் வாதாட வேண்டாமென்று 2007-ம் வருஷத்துச் சட்டம் தன் 17-வது பிரிவில் வகுத்தது, முதியவர் தாமே கோட்டாட்சியர் முன் நின்று தம் குறையைச் சொல்லட்டும் என்பதற்காக. அவ்வாறு சொல்ல அவரைத் தயார்செய்வது நமது தர்மம். 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் சட்டத்தின்படி பெண்கள் எல்லோரும், அவர்கள் வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள் என்பதையேனும் நம் கட்சிக்காரர் வீட்டுப் பெண்களிடம் நாம் சொல்லியிருக்கிறோமா?

வாசகர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுவே. இருபது வயதுள்ளவர்கள் முதற் சம்பளத்தன்றே ஒரு பங்கை எடுத்து வைக்கட்டும். அவர்களிடம் பணம் குறைவு, காலம் நிறைய. நாற்பது வயதுள்ளவர்கள் இன்னொரு தொழிலைப் பழகட்டும். திறந்தநிலைப் பள்ளியும், 2002-ம் வருஷத்தில் ஏற்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அவர்களுக்காகவே கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. அறுபது வயதானவர்கள் தம் சொத்து, கடன், வாரிசு இவற்றின் விவரத்தை ஒரு நோட்டில் எழுதி, மனைவிக்கும் மக்களுக்கும் படித்துக் காட்டட்டும். வாழும் வீட்டை உயிருடன் இருக்கையிலேயே எழுதிக் கொடுத்துவிடாமல், வேண்டுமாயின் உயில் எழுதட்டும். எழுபதைக் கடந்தவர்கள் தமக்கு இனி ஒன்றுமில்லை என்று எண்ணவேண்டாம். பேரப்பிள்ளையின் பாடப்புத்தகம் வீட்டிலேயே இருக்கிறது. படித்த பிள்ளைகள் இன்றிரவே தம் தாயாரை அருகில் அழைத்து, அவரது பாஸ்புத்தகத்தை விரித்து, அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் விளக்கிச் சொல்லட்டும். எழுத்தை விரல் பிடித்து எழுதப் பழக்கிய தாய்க்கு அப்பிள்ளைகள் செய்யத்தக்க கைம்மாறு இதைவிட வேறென்ன இருக்கிறது?

முதுமை எல்லோருக்கும் வரும். அதை யாரும் தடுக்க முடியாது. முதியவர் பிறர் கையை எதிர்பார்த்து அஞ்சி வாழும்படி விடுவது நாம் தடுக்கக்கூடியது. அன்னியனுக்கு அடிமையாயிருக்க மறுத்த ஜனங்கள், அறியாமைக்கு அடிமையாய்க் கிழப்பருவத்தைக் கழிக்கச் சம்மதிக்கலாகாது. சர்க்காரும், ஸ்தல ஸ்தாபனங்களும், நமது வக்கீல் சமூகமும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு குடும்பமும் இவ்விஷயத்தில் தாமதமின்றி ஆவன செய்யுமென்று நம்புகிறோம்.